ஒரு வாய், இரண்டு பொத்தான்

விமானத்துக்கு வழி சொல்கிற வேலை என்றால் வெளியில் இருக்கிறவர்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கையிலும் கொடியை வைத்துக்கொண்டு ஆட்டுவீர்களா என்று அக்காவிடமே ஒரு பெண்மணி கேட்டிருக்கிறாள். கொடியாவது, மண்ணாவது! உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. வேலை முடிகிற வரைக்கும் வாய் ஓயக்கூடாது, ஆனால் ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கல்யாண வீட்டில் கூட அக்கா அளந்துதான் பேசுவாள். தொழில் அப்படி ஒட்டிக்கொண்டது.

அவளைவிட மூத்தவர்களும் அந்தக் கோபுரத்தில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொன்னால் யார் என்று கேட்பார்கள்.

அந்த விமான நிலையத்தில் ஓடுதளம் ஒன்றே ஒன்று. இறங்குகிறவன் அவசரத்தில் இருப்பான், ஏறுகிறவன் அவனைவிட அவசரத்தில் இருப்பான். இறங்கினவன் ஓரமாகத் திரும்பி வெளியேறியதும் ஏறுகிறவனை உள்ளே விட வேண்டும். அவன் தரையை விட்டதும் அடுத்தவனை இறக்க வேண்டும். ஒரே அடுப்பில் மாமியாரும் மருமகளும் சமைக்கிற மாதிரிதான், கொஞ்சம் அசந்தால் யாராவது சுட்டுக்கொள்வார்கள். நாள் முழுக்க அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை.

கணினி வந்தும் அங்கே பட்டையை விடவில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பட்டை. சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் சட்டம், அதற்குள் விமானத்தின் பெயரும் நேரமும் எழுதிய காகிதம். ஏறுகிறவனுக்கு நீலம், இறங்குகிறவனுக்கு மஞ்சள். முன்னால் இருக்கும் சாய்வுப் பலகையில் வரிசையாக அடுக்கி, வேலை முடிய முடிய எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு மட்டும் தனி. ஓடுதளத்தில் ஒரு வண்டியோ ஆளோ இறங்கினால் பலகையின் குறுக்கே சிவப்புப் பட்டையைப் போட்டுவிட வேண்டும். அது கிடக்கிற வரைக்கும் ஆண்டவனே வந்து இறங்கட்டுமா என்று கேட்டாலும், சுற்றிக்கொண்டிரு என்றுதான் பதில். மனுஷ மூளையை நம்பக்கூடாது, கண்ணெதிரே கிடக்கிற பட்டையை நம்பு என்பது அங்கே பாலபாடம்.

அந்தச் சிவப்புப் பட்டை பெரும்பாலும் ஒரே ஆளுக்காகத்தான் விழுந்தது. அந்த ஆள் அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

விமான நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஊர்க் குப்பையெல்லாம் கொட்டுகிற மேடு இருந்தது. எடுக்கச் சொல்லி எழுதிப்போட்ட கடுதாசியை அடுக்கினால் அதுவே இன்னொரு மேடாகும். குப்பைக்குப் பறவை வரும், பறவை விமானத்தில் அடிபடும். அதனால் பறவை விரட்டுவதற்கென்று ஒரு ஜீப், ஒரு வேட்டுத் துப்பாக்கி, ஒரு ஆள். தம்பி எந்த வேலையிலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்காதவன். கடை வைத்தான், ஈ ஓட்டினான். அக்காதான் நாலு பேரைப் பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். "ஈ ஓட்டிக்கிட்டிருந்தவன இப்ப காக்கா ஓட்ட வச்சிருக்காங்க, பதவி உயர்வு" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஆனால் அதில் நிலைத்துவிட்டான். கல்யாணமும் ஆனது.

அம்மாவுக்கு அவன்தான் உசிர். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அந்த வீட்டில் சுண்ணாம்பு அக்காவின் பங்கு. அவளுக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவளுக்கும் அவன்மேல் அதே பைத்தியம்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவன் ரேடியோவில் "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டான். கோபுரமே சிரித்தது. சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போய் அவன் காதைத் திருகிவிட்டாள். "ரேடியோவுல ஜீப்புல இருக்கிற நீ செக்கர், கோபுரத்துல இருக்கிற நான் டவர். அக்கா தம்பி உறவெல்லாம் வீட்டோட வச்சுக்க." அவன் அதைத் திருப்பிப்போட்டான். ரேடியோவில் ஒழுங்காகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, "டவர், அந்தத் தண்ணிச் செம்ப இப்படித் தள்ளுங்க" என்பான். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

அன்று காலை அக்கா வேலைக்கு ஏறும்போதே புகை. குப்பை மேட்டில் எவனோ தீ வைத்திருந்தான். காற்றில்லாததால் புகை நகராமல் ஓடுதளத்தின் மேற்கு முனையில், விமானங்கள் வந்து தரை தொடுகிற இடத்தில், படுத்துக் கிடந்தது. தரையில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி ஒன்று உண்டு. அது கெட்டுப்போய், உதிரிப் பாகம் வருகிறது வருகிறது என்று மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் உட்கார வேண்டிய இடம் அது. விமானங்களோடு பேச ஒருவர், தரையில் ஓடும் வண்டிகளோடு பேச ஒருவர். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, அந்த வருஷம் இரண்டையும் ஒரே தலையில் கட்டியிருந்தார்கள். மேசையில் இரண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் விமானத்துக்குக் கேட்கும், மற்றதை அமுக்கினால் வண்டிக்குக் கேட்கும். சேர்ந்தாற்போல் இரண்டுக்கும் பேச முடியாது. விமானத்துக்குச் சொல்வது வண்டியில் இருப்பவனுக்குக் கேட்காது.

நாற்காலியில் தாடி உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல வேலைக்காரன், ஒரு சொல் பிசகாது. அக்கா படியேறி வருவதற்குச் சற்று முன்னால்தான் அவனுக்குத் தொலைபேசி வந்திருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். பதறி எழுந்ததில் கை பட்டு டீ கவிழ்ந்து பலகையெல்லாம் ஓடியது. பட்டைகளை அள்ளினான், துடைத்தான், திரும்ப அடுக்கினான். மஞ்சளை அடுக்கினான், நீலத்தை அடுக்கினான். குறுக்கே கிடந்த சிவப்பை மட்டும், டீ படாமல் இருக்கட்டும் என்று முதலிலேயே எடுத்துச் சட்டைப் பையில் செருகியிருந்தான். செருகினது செருகினபடியே இருந்தது. பறவை அடிபட்டுக் கிடக்கிறது என்று ஒரு விமானி சொன்னதால் தம்பியை ஓடுதளத்துக்குள் அனுப்பியிருந்ததும் அந்தப் பட்டையோடு அவன் நினைவிலிருந்து போய்விட்டது.

இதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. அக்கா வரும்போது பலகை துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

முறைப்படி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தலைக்குள் ஏறும் வரை கேட்டாள். தாடி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மூணு பேரு இறங்க வர்றாங்கக்கா. மொத ஆளு கிட்ட வந்துட்டான், இன்னும் இறங்கச் சொல்லல. ரெண்டு பேரு ஏற நிக்கிறாங்க. புகைதான் தொல்லை, வேறொண்ணுமில்ல. உங்களுக்கா?"

"எனக்கு" என்று சொல்லி அக்கா உட்கார்ந்தாள். அந்த ஒரு சொல்லோடு ஆகாயமும் தரையும் கைமாறிவிடும். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நீ பதறாமப் போ" என்றாள். தாடி இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

முதல் விமானம் இறங்கலாமா என்று கேட்டது. அக்கா பலகையைப் பார்த்தாள். குறுக்கே எதுவும் இல்லை. தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தாள். கிழக்குப் பாதி சுத்தமாகத் தெரிந்தது, மேற்குப் பாதியில் புகை. இறங்கு என்றாள். அடுத்து ஏறப்போகிறவனின் நீலப் பட்டையைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் வண்டிகளின் ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் வந்தது.

"டவர், செக்கர். பெரிய பருந்து ஒண்ணு, ரெண்டு துண்டா கெடக்குது. பொறுக்கிட்டு வெளிய வந்துடறேன்."

வெளியே வருகிறேன் என்றால் உள்ளே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

யோசித்தாயா, யோசிக்க நேரம் இருந்ததா என்று பின்னால் ஆளாளுக்கு அவளைக் கேட்டார்கள். யோசித்தாள். அதுதான் கொடுமை. கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். விமானம் தரைக்குப் பனைமர உயரத்தில் வந்திருக்கும். தம்பி ஜீப்பை விட்டு இறங்கிக் குனிந்துகொண்டிருப்பான், ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், இடுப்பில் மாட்டிய ரேடியோவைத் தவிர அவன் காதில் வேறு எதுவும் விழாது. ஓடு என்று அவனிடம் சொன்னால் புல் தரைக்கு ஓடிவிடுவான், கால் வேகமானவன். ஆனால் விமானம் வந்து ஜீப்பில் மோதும். உள்ளே நூற்றெழுபது பேர், இறக்கை நிறைய எண்ணெய். விமானத்திடம் சொன்னால் அது மேலே ஏறிவிடக்கூடும். அதுவரை தம்பி குனிந்தபடியே இருப்பான். இத்தனை வருஷம் அவள் கையில் ஊறியது ஒன்றுதான்: முதலில் வானத்தில் இருப்பவனிடம் சொல். அவனால் நிற்க முடியாது.

அம்மாவின் முகம் வந்தது. வந்தும், விரல் விமானத்தின் பொத்தானுக்குத்தான் போனது.

விமானத்தின் பெயரைச் சொல்லி, "கோ அரவுண்ட், கோ அரவுண்ட், ரன்வேல வண்டி நிக்குது" என்றாள். இறங்காமல் மேலே ஏறிவிடு என்று அர்த்தம். குரல் பிசிறவில்லை. ஏறுகிறோம் என்று பதில் வந்த கணமே மற்ற பொத்தானை அமுக்கினாள்.

"தம்பி, ஓடுடா! ஜீப்ப விட்டுட்டு ஓடு!"

"டவர், என்ன..." என்று அவன் தொடங்கினான். அதற்கு மேல் ஒரே இரைச்சல்.

பாரமான விமானம் ஏறு என்றதும் குருவி மாதிரி ஏறிவிடாது. எஞ்சின் மூச்சுப் பிடிக்கிற வரைக்கும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதன் சக்கரம் ஜீப்பின் கூரையைத் தட்டியது. ஜீப் உருண்டது. பக்கத்தில் நின்றவன்மேல் உருண்டது. விமானம் புகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, கோபுரத்தைத் தாண்டி மேலே போனதை அக்கா பார்த்தாள். ஒரு சக்கரம் கிழிந்து தொங்கியது.

"செக்கர், டவர்" என்று கூப்பிட்டாள். பதிலில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு, மேற்கு முனை, ஜீப் கவிழ்ந்திருக்கிறது, ஒரு ஆள் என்று இடம் சொல்லி அனுப்பினாள். ஒரு ஆள் என்றுதான் சொன்னாள். மீதி இரண்டு விமானங்களையும் மேலேயே சுற்றச் சொன்னாள். ஏற நின்றவர்களை நிற்கச் சொன்னாள். சக்கரம் கிழிந்தவனை வேறு விமான நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். அவன் அங்கே பத்திரமாக இறங்கினான், ஒருவருக்கும் ஒரு கீறலில்லை. பொறுப்பாளர் ஓடிவந்து காதிலிருந்த கருவியைக் கழற்றும் வரை அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. எழுந்ததும் படியிறங்கி ஓடினாள். கீழே யாரும் அவளைத் தம்பியிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. பார்க்கிற மாதிரி இல்லை என்றார்கள்.

அடுத்த நாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்: தம்பியைப் பலிகொடுத்து நூற்றெழுபது உயிரைக் காத்த அக்கா. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அவன் கையில் கட்டி முளைக்க! பலிகொடுக்க அவன் என்ன ஆட்டுக்குட்டியா? அதைப் பக்கத்து வீட்டுக்காரி அம்மாவுக்கு வரி விடாமல் படித்துக் காட்டியிருக்கிறாள். சாவு வீட்டில் அம்மா அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாடி தெருமுனையிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் மகளுக்கு வெறும் மயக்கம்தான், அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

விசாரணை நடந்தது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி நரைத்த தலையும் மெதுவான பேச்சுமாக இருந்தார். ரேடியோப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார். "எதை மொதல்ல செய்யணுமோ அதை மொதல்ல செஞ்சிருக்கீங்க. வேற யாரா இருந்தாலும் நிலைகுலைஞ்சு போயிருப்பாங்க."

அதோடு விட்டிருக்கலாம். நேர்மையான மனுஷர், விடவில்லை. விமானத்தின் கறுப்புப் பெட்டியில் இருந்ததையும் சொன்னார். புகை ஒரு கணம் விலகியதில் ஜீப்பின் தலையில் சுழலும் மஞ்சள் விளக்கை விமானி தானாகவே பார்த்திருக்கிறான். பார்த்ததும் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளிவிட்டான். அக்காவின் குரல் அவன் காதில் விழும்போது அவன் ஏற ஆரம்பித்தாகிவிட்டது.

அக்கா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். "அப்ப நான் சொன்னதால ஒண்ணும் ஆகல."

"நீங்க சொல்லலைன்னாலும் அவர் ஏறியிருப்பார்."

"அந்த நேரத்துல நான் தம்பிகிட்ட பேசியிருந்தா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்லையேம்மா" என்றார்.

வழியில்லைதான். யார் இல்லை என்றார்கள்? அதைக் கேட்டுவிட்டு அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு கத்தினாள். இது பேப்பரில் வரப்போவதில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் எங்கேயோ பொடி எழுத்தில் கிடக்கும். அம்மாவுக்கு அதைப் படித்துச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

அதற்கப்புறம்தான் அம்மா கூப்பிட்டு அனுப்பினாள்.

அக்கா போனபோது மத்தியானம். அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தம்பியின் பெண்டாட்டி சுவரோரம் தரையில் உட்கார்ந்து தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க அண்ணி என்று அவளும் சொல்லவில்லை, உட்கார் என்று அம்மாவும் சொல்லவில்லை. அக்கா நின்றாள்.

"அந்தப் பொத்தான் கதைய எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் அம்மா. "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

அக்கா சொன்னாள். இரண்டு பொத்தான், ஒரு வாய், ஒருவரிடம் பேசினால் இன்னொருவருக்குக் கேட்காது.

"எவன மொதல்ல கூப்பிட்ட?"

"ப்ளேனத்தாம்மா."

"எம்புள்ளைய மொதல்ல கூப்பிட்டிருந்தா அவன் பொழச்சிருப்பானா?"

"பொழச்சிருப்பான்."

"அப்ப அந்த ப்ளேனு?"

தம்பியின் பெண்டாட்டி விரல்களை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் ஆகியிருக்காதும்மா, விமானியே பார்த்துவிட்டான், நான் சொன்னது வீண். அக்காவின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அம்மாவின் பிள்ளை எதற்காகவும் சாகவில்லை என்று ஆகிவிடும். இந்தப் பெண்ணின் புருஷன் ஒரு டீக் கிளாஸ் கவிழ்ந்ததால் செத்தான், அவ்வளவுதான் மிச்சம். இரண்டு ஜோடிக் கண்களும் பதிலுக்குக் காத்திருந்தன.

"விழுந்து எரிஞ்சிருக்கும்மா" என்றாள் அக்கா.

"அத்தன பேருமா?"

"அத்தன பேரும்."

அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா? உம்புருஷன் சும்மா சாகல. அவன் ஒருத்தன் போயி அத்தன குடும்பத்துக்கு விளக்கேத்திட்டுப் போயிருக்கான்." அந்தப் பெண் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாளாம். அழட்டும் என்று அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். செத்தவனுக்கு ஒரு காரணம் கிடைத்ததில் அந்தக் கிழவியின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் வந்த மாதிரிகூட இருந்தது.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்காரப் போனாள்.

"உக்காராத" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "நீ சரியாத்தான் பண்ணிருக்க. நான் இல்லைங்கல. ஊரே உன்னைக் கும்பிடுது, கும்பிடட்டும். ஆனா எனக்கு அதுதான்டி தாங்கல. கை தவறிப்போச்சும்மா, புத்தி பிசகிப்போச்சும்மான்னு நீ வந்து என் கால்ல விழுந்திருந்தா, போனவன் போயிட்டான், நீயாவது இருக்கியேன்னு உன்னைக் கட்டிக்கிட்டு நானும் அழுதிருப்பேன். தப்புன்னா மன்னிக்கலாம். நீ தப்பே பண்ணலையே. தெரிஞ்சு, நிதானமா, உன் கையால அவன விட்டிருக்க. சரியாப் பண்ணவள நான் என்னன்னு மன்னிக்கிறது, சொல்லு?"

அக்கா வாயைத் திறந்தாள்.

வீணாகத்தானம்மா போனது. தப்பான ஆளைத்தானம்மா முதலில் கூப்பிட்டேன். அதைச் சொன்னால் போதும், அம்மா கையை நீட்டிவிடுவாள். சின்ன வயசிலிருந்து அந்தக் கைக்காகத்தானே அவள் ஏங்கினாள். தம்பியின் பெண்டாட்டி அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"இனிமே இங்க வராத" என்றாள் அம்மா. "நான் செத்தாலும் சொல்லி அனுப்ப வேணாம்னு இவகிட்ட சொல்லியிருக்கேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அக்கா வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.